குட்டி வெள்ளை மாளிகை
கீ வெஸ்ட் தீவு, புளோரிடா

அமெரிக்கக் கடற்படை தன் அதிகாரிகளுக்காக 1890இல் கட்டிய மரவீடு இது. இரு குடும்பங்களுக்கான இரட்டை வீடாக இருந்ததை 1911இல் ஒரே வீடாக்கினர். கட்டியபோது கடல் வாசலருகே இருந்தது. பின்னாளில் கரையைத் தூர்த்து நிலம் சேர்த்ததால் சற்றுத் தள்ளிப்போய்விட்டது.

குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் 1946 முதல் 1952 வரை 11 முறை வந்து மொத்தம் 175 நாட்கள் இங்கே தங்கினார். ஓய்வுக்குத்தான் வந்தார், கோப்புகளும் கூடவே வந்தன. அவருக்காகவே வீடு புதுப்பிக்கப்பட்டது. தாழ்வாரத்தில் உள்ள மேசை சீட்டாடுவதற்கென்றே கடற்படைத் தச்சர்கள் செய்தது. மேல்பலகையைப் போட்டு மூடினால் அது சாப்பாட்டு மேசை.

கடற்படைத் தளம் 1974இல் மூடப்பட்டது. 1986இல் இடம் ஏலத்தில் விலைபோனது. வீடு மட்டும் புளோரிடா மாநிலத்தின் கைக்கு வந்து, 1991 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது.