மனிதப் படியாக்கமும் முட்டைக்கலம் எழுப்பும் வினாவும்: சில குறிப்புகள்

மனிதப் படியாக்கம் (குளோனிங்) பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரு வினாக்களையே சுற்றி நிகழ்ந்து வந்துள்ளன. படியாக்கத்தாற் பிறக்கும் மனிதன் தனித்துவம் உடையவனா என்பது ஒன்று. முளையத்திற்கு மனித உயிருக்குரிய மதிப்பு உண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எழுவதற்கு முன்னரே ஆய்வுகூடத்தில் எழுந்துவிடும் மூன்றாவது வினாவொன்று உண்டு. படியாக்கத்துக்கு வேண்டிய முட்டைக்கலம் யாரிடமிருந்து, எந்நிலையிற் பெறப்படுகின்றது என்பதே அது. தென்கொரியாவின் சியோல் நகரில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு அவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் படியாக்கத்தின் முறையை விளங்கிக்கொள்ளல் அவசியம். பெரும்பாலான உடற்கலங்களின் கருவில் அவ்வுயிரின் முழுப் பரம்பரைத் தகவலும் அடங்கியுள்ளது. எனினும் ஒவ்வொரு கலமும் தன் தொழிலுக்கு வேண்டிய பகுதியையே பயன்படுத்துகின்றது. முட்டைக்கலமொன்றின் கருவை அகற்றி உடற்கலத்தின் கருவை அதனுட் புகுத்தினால், முட்டைக்கலத்தின் குழியவுரு அக்கருவை மீளவும் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். 1962இல் ஜோன் கேடன் தவளையில் இதனைக் காட்டினார். 1996 யூலை 5ஆந் திகதி ஸ்கொட்லாந்தின் றொஸ்லின் நிறுவகத்தில் டொலி என்னும் செம்மறியாடு பிறந்தபோது, வளர்ந்த முலையூட்டியின் உடற்கலத்திலும் இது இயலுமென்பது புலனாயிற்று.

டொலி பற்றிய எண்கள் கவனத்துக்குரியவை. 277 முட்டைக்கலங்களிற் கரு மாற்றப்பட்டது. 29 முளையங்கள் 13 ஆடுகளின் கருப்பையில் வைக்கப்பட்டன. உயிருடன் பிறந்த குட்டி ஒன்றே. சீனாவில் 2018இல் அறிவிக்கப்பட்ட குரங்குப் படியாக்கத்திலும் 79 முளையங்கள் 21 பெண் குரங்குகளில் வைக்கப்பட்டு, உயிர்தப்பியவை இரண்டே. இத்தகைய இழப்பு வீதத்தை மனிதத் தாய்மாரிடமும் சிசுக்களிடமும் பரீட்சித்துப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நிரூபிக்கப்பட்ட மனிதப் படியாக்கப் பிறப்பு எதுவும் இற்றைவரை இல்லை.

முளையத்தைக் கருப்பையில் வையாது, அதிலிருந்து மூலக்கலங்களைப் பெற்று நோயாளரின் பழுதுற்ற இழையங்களைச் சீராக்கலாம் என்பது படியாக்கத்தின் இரண்டாவது நோக்கம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் வூ-சுக் இந்நோக்கத்தையே முன்வைத்தார். 2004இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான அவரது கட்டுரை, 16 பெண்களின் 242 முட்டைக்கலங்களிலிருந்து ஒரு மூலக்கல வழியைப் பெற்றதாகக் கூறியது. 2005இல் வெளியான கட்டுரை 185 முட்டைக்கலங்களிலிருந்து 11 வழிகளைப் பெற்றதாகக் கூறியது. அரசு அவரைத் தேசத்தின் பெருமையாகக் கொண்டாடியது. சக்கர நாற்காலியிலிருந்து மனிதன் எழுவதைச் சித்திரிக்கும் முத்திரையொன்றும் வெளியிட்டது.

2005இன் இறுதியில் கொரியத் தொலைக்காட்சியொன்றும் இளம் விஞ்ஞானிகளும் எழுப்பிய ஐயங்களையடுத்துப் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. 2006 யனவரியில் இரு கட்டுரைகளும் புனையப்பட்டவை என அது அறிவித்தது. 2004ஆம் ஆண்டின் மூலக்கல வழி கன்னிப்பிறப்பால் உருவானது என்பதைப் பின்னர் 2007இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

பொய்யான தரவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. எமது நோக்கில் அதனிலும் பாரதூரமானது வேறொன்று. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து 2000க்கும் அதிகமான முட்டைக்கலங்கள் பெறப்பட்டிருந்தமை விசாரணைகளில் வெளிவந்தது. சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்குழுவின் இளநிலைப் பெண் ஆய்வாளர் இருவரும் தம் முட்டைக்கலங்களை வழங்கியிருந்தனர். நீண்ட மறுப்பின் பின்னர் 2005 நவம்பரில் ஹுவாங் இதனை ஒப்புக்கொண்டார்.

முட்டைக்கலம் வழங்குதல் இரத்ததானம் போன்றதன்று. பல நாள்கள் ஓமோன் ஊசிகள் ஏற்றப்பட்டுச் சூலகங்கள் தூண்டப்படுகின்றன. பின்னர் ஊசிகொண்டு முட்டைக்கலங்கள் உறிஞ்சி எடுக்கப்படுகின்றன. சூலகம் மிகையாகத் தூண்டப்படின் வயிற்றில் நீர் தேங்கும். அரிதாக உயிராபத்தும் நேரும்.

'அவர்கள் விரும்பித்தானே வழங்கினர்?' எனக் கேட்கப்படலாம். ஹுவாங் குற்றஞ்சாட்டப்பட்ட வேளையிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் முட்டைக்கலம் வழங்க முன்வந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும், சம்மதம் தரப்படும் சூழலையும் நாம் நோக்குதல் வேண்டும். தன் பட்டமும் தொழிலும் எவர் கையில் உள்ளனவோ அவரது ஆய்வுக்கே மாணவி தன் உடலை வழங்கும்போது, மறுப்பதற்கு அவளுக்கிருந்த சுதந்திரம் யாது? வறுமையில் விற்பவளும், தேசப்பற்றின் பெயரால் வழங்குபவளும் இதே வினாவை வெவ்வேறு வடிவில் எதிர்நோக்குகின்றனர். ஆய்வு உண்மையானதாக இருந்திருப்பினும் இத்தவறு தவறாகவே இருந்திருக்கும்.

பின்னைய வளர்ச்சிகள் இதற்கு ஓரளவு விடை தந்துள்ளன. 2006இல் யமனாக்கா குழுவினர் எலியின் தோற்கலங்களைச் சில பரம்பரையலகுகளின் துணையோடு மூலக்கலங்களை ஒத்தனவாக மாற்றினர். மறு ஆண்டில் மனிதக் கலங்களிலும் இது நிறைவேறியது. முட்டைக்கலம் இதற்குத் தேவையில்லை. எனினும் 2013இல் அமெரிக்காவின் ஒறிகனில் மித்தாலிப்பொவ் குழுவினர் படியாக்க முளையங்களிலிருந்து மனித மூலக்கலங்களை மெய்யாகவே பெற்றனர். எனவே முட்டைக்கலத்துக்கான தேவை முற்றாக நீங்கிவிட்டது எனக் கூறுவதற்கில்லை.

2005 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மனித மாண்புக்கு முரணான மனிதப் படியாக்கத்தைத் தடைசெய்யுமாறு 84 வாக்குகளால் பிரகடனம் செய்தது. 34 நாடுகள் எதிர்த்தன. அம்மாண்பு முளையத்தையும் பிறக்கவுள்ள சிசுவையும் பற்றியதாகவே பெரிதும் வாதிக்கப்பட்டது. முட்டைக்கலம் வழங்கும் பெண்ணின் மாண்பும் அதனுள் அடங்குதல் வேண்டும். ஆய்வை நடத்துவோரே சம்மதம் பெறுதல் ஆகாது. தமக்குக் கீழ்ப்பட்டோரிடம் அதனைக் கேட்டலும் ஆகாது. எத்தனை பெண்களிடமிருந்து எத்தனை முட்டைக்கலங்கள் பெறப்பட்டன என்பது முடிவுகளோடு சேர்த்து வெளியிடப்படல் வேண்டும். ஆசிரியரின் சொல்லுக்கு மாணவர் மறுப்புரைத்தல் எளிதல்லாத பல்கலைக்கழகம் எதற்கும் சியோல் அனுபவம் அயலார் கதையன்று.