‘ரீவேம்ப்’: ஷூவிலிருந்து வந்த வார்த்தை!

‘வெப்சைட்டை ரீவேம்ப் பண்ணிட்டாங்க’ என்கிறோம். கிரிக்கெட் அணியில் நாலைந்து பேரை மாற்றினால் ‘டீமை ரீவேம்ப் செய்தார்கள்’ என்று செய்தி வருகிறது. ‘ரீ’ என்றால் மறுபடியும் என்பது தெரியும். ‘வேம்ப்’ என்றால் என்ன?

ரத்தம் குடிக்கும் வேம்பையர் ஞாபகத்துக்கு வருகிறதா? அது இல்லைங்க. சினிமாவில் ஆண்களை மயக்கும் வில்லியை ‘வேம்ப்’ என்பார்களே, அதுதான் வேம்பையரின் சுருக்கம். நம்ம ‘வேம்ப்’ வேறு. அது காலில் இருக்கிறது!

பாதத்தின் முன்பக்கம்

பழைய பிரெஞ்சு மொழியில் ‘அவான்’ என்றால் முன், ‘பியே’ என்றால் பாதம். இரண்டும் சேர்ந்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து ‘வேம்ப்’ ஆனது. முதலில் காலுறையில் பாதத்தை மூடும் பகுதியைக் குறித்தது. பிறகு ஷூவின் முன்பக்க மேல்தோலைக் குறித்தது. ஷூ தொழிலில் இன்றும் அந்தப் பகுதிக்கு அதே பெயர்தான்.

நடக்கும்போது ஷூ மடங்குவது அந்த இடத்தில்தான். அதனால் அங்கே விரிசல் விழும். அதற்காக ஷூவையே தூக்கிப் போட முடியுமா? அந்தத் தோலை மட்டும் மாற்றித் தைத்தார்கள். இந்த வேலைக்கும் ‘வேம்ப்’ என்றே பெயர் வந்தது. 19-ம் நூற்றாண்டில் ‘ரீ’ சேர்ந்து, எதையும் மாற்றிச் சீரமைப்பது ‘ரீவேம்ப்’ ஆகிவிட்டது.

ஆக, அடிப்பாகம் அப்படியே இருக்கும். மேலே கண்ணில் படுவது மாறும். இதை மனதில் வைத்தால் குழப்பம் வராது.

எதை எங்கே பயன்படுத்தலாம்?

ரென்யூ: காலம் முடிந்ததை நீட்டிப்பது. டிரைவிங் லைசென்ஸை ரென்யூ செய்யலாம், ரீவேம்ப் செய்ய முடியாது.

ரெனோவேட்: பெரும்பாலும் கட்டிடங்களுக்கு. புதிது என்று பொருள்படும் ‘நோவஸ்’ என்ற லத்தீன் சொல் இதற்குள் இருக்கிறது.

ரீஃபர்பிஷ்: ‘ஃபர்பிஷ்’ என்றால் வாள், கவசம் போன்றவற்றைத் துலக்கிப் பளபளப்பாக்குவது. ‘ரீஃபர்பிஷ்டு’ என்று போட்டு விற்கும் போன் புதுசு இல்லை. ஏற்கெனவே விற்றுத் திரும்பி வந்ததைச் சரிபார்த்து மறுபடி விற்கிறார்கள். விலை குறைவு என்று சந்தோஷப்படும் முன் வாரன்டி எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

ரெஸ்டோர்: முன்பு எப்படி இருந்ததோ அப்படியே மீட்பது. பழைய கோயில் சுவரில் மணலைப் பீய்ச்சித் தேய்த்தால் பளிச்சென்றுதான் ஆகும். ஆனால், கல்வெட்டு எழுத்தும் சேர்ந்து தேய்ந்துபோகும். அதை ரெஸ்டோர் என்று சொல்லவே முடியாது.

ரெஸ்யூமில் ‘ரீவேம்ப் செய்தேன்’ என்று எழுதப் போகிறீர்களா? ‘எதை மாற்றினீர்கள், எதை அப்படியே விட்டீர்கள்?’ என்று நேர்காணலில் கேட்கலாம். இரண்டுக்கும் பதில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.