தபால் நின்றால் யாருடைய பிழைப்பு நிற்கிறது?

தபால் ஊழியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபடப் போகிறார்கள் என்ற செய்தி வெளியானதும் எம்மில் பலர் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். "இப்போது யார்தான் கடிதம் எழுதுகிறார்கள்? வட்ஸ்அப் இருக்கிறதே!" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடிதம் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் கடிதம் போன இடத்தில் பொதி வந்திருக்கிறது. வீட்டின் ஓர் அறையில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஓடர் எடுத்து, தபாலில் பொருள் அனுப்பிக் குடும்பம் நடத்தும் நூற்றுக்கணக்கான சகோதர சகோதரிகள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் செய்தி சாதாரண செய்தியல்ல. அன்றிரவு அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

இந்த வாரம் அவர்களுடைய நிலையைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இது புதிய பிரச்சினையல்ல

2018ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி ஆரம்பமான தபால் வேலைநிறுத்தம் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தது. அது ரமழானின் கடைசிப் பத்து. பெருநாள் உடுப்பு, அபாயா, பிள்ளைகளின் தொப்பி, அத்தர் என்று அனுப்பப்பட்ட பொதிகள் பெருநாள் கழிந்த பிறகே பலரது வீடுகளை அடைந்தன. பெருநாளுக்கென்று வாங்கிய உடுப்பு பெருநாளுக்குப் பிறகு வந்தால் வாங்கியவர் என்ன செய்வார்? திருப்பி அனுப்புவார், அல்லது பொறுப்பேற்க மறுப்பார்.

2023 நவம்பரில் நுவரெலியாவின் பழைய தபாலகக் கட்டிடத்தை வேறு தேவைக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து 48 மணித்தியாலப் பணிப்பகிஷ்கரிப்பு நடந்தது. 2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி மாலை கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் ஆரம்பித்து, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் பரவிய வேலைநிறுத்தம் ஒரு வாரம் வரை நீடித்தது. மேலதிக நேரக் கொடுப்பனவும், கைவிரல் அடையாளம் மூலம் வரவைப் பதியும் முறையும் அதில் முக்கிய பிணக்குகளாக இருந்தன. தொழிற்சங்கங்கள் 19 கோரிக்கைகளை முன்வைத்திருந்தன.

பிணக்குகள் தற்காலிகமாகத் தணிகின்றன. ஆனால் அடியோடு தீர்வதில்லை. ஆகவே அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்ற கேள்வி சிறு வியாபாரிகளின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

தபாலை ஏன் நம்பியிருக்கிறார்கள்?

"தனியார் கூரியர் எத்தனையோ இருக்கின்றன, அதில் அனுப்பலாம்தானே?" என்று கேட்பது இலகு. கொழும்பு, கண்டி, காலி போன்ற நகரங்களுக்கு அனுப்புவோருக்கு அது பொருந்தும். ஆனால் தபால் திணைக்களத்துக்கு நாடு முழுவதும் உப தபாலகங்கள் உட்பட 4,000 அளவில் தபாலகங்கள் இருக்கின்றன. கூரியர் வண்டி போகாத, போனாலும் பிரதான வீதியில் நின்றுகொண்டு "இங்கே வந்து எடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லும் கிராமங்களுக்கெல்லாம் தபாற்காரர் துவிச்சக்கர வண்டியில் போகிறார். எந்த ஒழுங்கையில் எந்த வீடு, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை இணையத்தில் விற்கும் ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார்: "எனக்கு ஓடர் தருபவர்களில் அதிகமானோர் டவுனில் இருப்பவர்கள் அல்ல. டவுனில் இருப்பவர் கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார். கடை இல்லாத ஊரில் இருப்பவர்தான் என்னிடம் வாங்குகிறார்." இதைச் சற்று நிதானித்து யோசித்தால் விடயம் விளங்கும். சிறு இணைய வியாபாரியின் சந்தை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தபாலும் இருக்கிறது. தபால் நின்றால் அந்தச் சந்தையே மூடப்பட்டு விடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எமது சகோதரிகள் பலர் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் வெளிநாட்டில் இருப்பவர்கள், சிறு பிள்ளைகளுடன் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஊரிலுள்ள உப தபாலகம் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. கூரியர் நிலையமோ பக்கத்து நகரத்தில். மூன்று பொதிகளைக் கொடுப்பதற்காக முச்சக்கர வண்டி பிடித்துப் போனால் அன்றைய இலாபம் வண்டிக் கூலியிலேயே கரைந்துவிடும்.

நட்டம் எங்கே ஏற்படுகிறது?

வேலைநிறுத்தத்தினால் விற்பனை குறைவது நட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. பெரிய நட்டம் பாதையில் முடங்கிய பொருளிலும் பணத்திலும்தான் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு சகோதரி வாரத்துக்கு 40 அபாயாக்கள் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை 3,500 ரூபா. துணி, தையற் கூலி, தபாற் செலவு எல்லாம் போக மிஞ்சுவது 500 ரூபா. பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்ற முறையிலேயே அனுப்புகிறார். அனுப்பிய மறுநாள் வேலைநிறுத்தம் தொடங்கினால் 140,000 ரூபா பெறுமதியான பொருள் தபாற் பைகளுக்குள் அடைபட்டு விடுகிறது. போகவும் மாட்டாது, திருப்பி எடுக்கவும் முடியாது. முந்திய வாரம் விநியோகிக்கப்பட்ட பொதிகளுக்கான பணமும் தபாலகத்தின் ஊடாகவே வரவேண்டும், அதுவும் நின்றுவிடுகிறது.

ஆக, இரண்டு வாரச் சுழற்சிப் பணம் அவர் கையில் இல்லை. துணிக் கடைக்காரருக்கு வாக்களித்த திகதி வருகிறது. தைத்துக் கொடுத்த பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வேலைநிறுத்தம் முடிந்து குவிந்து கிடந்த பொதிகள் பிரிக்கப்பட்டுப் போய்ச் சேரும்போது 40 பேரில் 10 பேர் "இனி வேண்டாம்" என்று மறுத்தால், அந்தப் பத்துக்கும் போன செலவும் வந்த செலவும் அவர் தலையில். ஒன்றுக்கு 700 ரூபா என்று வைத்தாலும் 7,000 ரூபா. விற்ற முப்பதில் கிடைத்த 15,000 ரூபா இலாபத்தில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. முதலீடு நகை அடகு வைத்து எடுத்ததாக இருந்தால் வட்டியின் பாவமும் சுமையும் வேறு.

பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு கெட்ட வாரம். சிறு வியாபாரிக்கு இது தொழிலையே விட்டுவிடும் காரணம்.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் நிலை இன்னும் சிக்கலானது. 800 டொலர் வரை பெறுமதியான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29ஆம் திகதி முதல் நீக்கியது. எமது நாட்டில் வேலைநிறுத்தம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்த நேரம் அது. அந்த ஒரு வாரத் தாமதத்தால் திகதியைத் தவறவிட்ட பொதிக்கு, விற்றபோது எவரும் கணக்கில் எடுக்காத வரி வந்து சேரும்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். கனடாவில் 2024 நவம்பர் 15 முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஏறத்தாழ 55,000 தபால் ஊழியர்கள் பணிக்குச் செல்லவில்லை. ஆண்டிறுதி விற்பனையை நம்பியிருந்த சிறு வியாபாரிகளே அங்கும் அதிகம் அடிபட்டார்கள்.

ஊழியரும் எம்மவரே

இதை எழுதுவதால் தபால் ஊழியர்களை நான் குறை கூறுவதாக எவரும் எண்ணக் கூடாது. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது எமது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு. வெயிலிலும் மழையிலும் அலையும் தபாற்காரருக்கும் குடும்பம் இருக்கிறது, அவருக்கும் விலைவாசி உயர்ந்திருக்கிறது. அவருடைய கோரிக்கை நியாயமா இல்லையா என்பதைப் பேசித் தீர்க்க வேண்டியது அரசாங்கமும் தொழிற்சங்கங்களும்.

ஆனால் இரு தரப்பினருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிதம் குறைந்த காலத்தில் தபால் சேவையைத் தாங்கி நிற்கக்கூடிய வருமானம் பொதிகள்தான். ஒவ்வொரு வேலைநிறுத்தத்திலும் ஒரு தொகை வியாபாரிகள் கூரியருக்குப் போகிறார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பொதிகளைக் கொண்டு சேர்த்த பின் பணியை நிறுத்துவது, விநியோகித்த பொதிகளுக்குச் சேர்ந்த பணத்தை மட்டுமாவது விடுவிப்பது போன்ற ஏற்பாடுகளைப் பற்றி இரு தரப்பும் பேசினால் ஏழை வியாபாரியின் வயிற்றில் அடி விழாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அறிவித்தலைக் கவனியுங்கள். வேலைநிறுத்தம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கை வந்ததும் தூர மாவட்டங்களுக்கான பொதிகளை நிறுத்தி, ஓரிரு நாளில் சேரக்கூடியவற்றை மட்டும் அனுப்புங்கள். பொருள் உங்கள் அலுமாரியில் இருப்பது தபாற் பையில் முடங்கிக் கிடப்பதை விட மேல். மஸ்கட், தொதல் போன்ற உணவுப் பண்டங்களை அந்த நாட்களில் அனுப்பவே வேண்டாம்.

இரண்டாவது, வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்கள் சொல்லுங்கள். காத்திருப்பதா, மேலதிகக் கட்டணத்துடன் கூரியரில் பெறுவதா, ஓடரை இரத்துச் செய்வதா என்று மூன்று தெரிவுகளையும் அவர் முன் வையுங்கள். சொல்லிவிட்டுத் தாமதித்தால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் தாமதித்தால் "ஏமாற்றுக்காரர்" என்று பேஸ்புக்கில் எழுதுவார்கள்.

மூன்றாவது, ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாதீர்கள். சாதாரண காலத்திலேயே குறைந்தது ஒரு கூரியர் நிறுவனத்திடமாவது கணக்குத் திறந்து, கட்டணத்தையும் பணத்தை எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு போனால் அங்கும் நெரிசல்தான். தூரப் பயண பஸ்களில் பொதி அனுப்பும் பழைய வழியும் இருக்கிறது. ஒரே ஊரைச் சேர்ந்த ஐந்தாறு வியாபாரிகள் சேர்ந்தால் ஒரே வண்டியில் நகரத்துக்குப் பொதிகளைக் கொண்டுபோய்ச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

நான்காவது, அனுப்பிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், பெறுநர், தொகை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். குவிந்த பொதிகளில் ஒன்று தவறினால் உங்கள் கையிலுள்ள சான்று அதுதான்.

ஐந்தாவது, முற்பணம் அமானிதம். பொருள் போய்ச் சேரும் வரை அதை வீட்டுச் செலவில் கலக்காதீர்கள். எம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி விற்ற பொருளை வாங்கியவர் கைப்பற்றும் வரை அதன் பொறுப்பு விற்றவரையே சாரும். தபாலில் ஒப்படைப்பது எந்தச் சந்தர்ப்பத்தில் கைப்பற்றலாகக் கருதப்படும் என்பதில் நுணுக்கங்கள் உண்டு. உங்கள் விற்பனை முறையை விபரமாகச் சொல்லி ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். "தபாலில் போட்டுவிட்டேன், இனி என் பாடில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சமூகத்தின் பங்கு

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஊர் வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளம் வந்தால் நாம் ஓடிப்போய் உதவுகிறோம். ஒரு சகோதரியின் பணம் இரண்டு வாரம் தபாலில் முடங்கினால் அது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவருக்குத் தேவை தர்மம் அல்ல. பதினைந்து, இருபது நாளில் திருப்பித் தரக்கூடிய ஒரு கைமாற்று மட்டுமே. ஊருக்கு ஒரு சிறிய கர்ழ் ஹஸன் நிதி இருந்தால் அவர் அடகுக் கடைப் படி ஏற வேண்டியதில்லை.

வாடிக்கையாளர்களான எமக்கும் கடமை இருக்கிறது. தாமதமாக வந்த பொதி நீங்கள் கேட்ட பொருளாகவே இருந்தால், அது உங்களுக்கு இன்னும் பயன்படுமென்றால், தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். பேசிய வியாபாரத்தை நிறைவேற்றுவது விற்பவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை அல்ல. உங்களுக்கு அது ஒரு பொதி. மறுமுனையில் இருப்பவருக்கு அது ஒரு நாள் அடுப்பு.

எமது சகோதரர்களின் உழைப்பிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.