99 பெர்சன்டைல் என்பது 99 மதிப்பெண் அல்ல: ஐஐஎம் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

இந்திய மேலாண்மைக் கழகங்களின் (ஐஐஎம்) முதுநிலை மேலாண்மைப் படிப்புகளில் சேர ஆண்டுக்கு ஒருமுறை நடத்தப்படும் பொது சேர்க்கைத் தேர்வு, சுருக்கமாக 'கேட்' என அழைக்கப்படுகிறது. எம்.டெக். சேர்க்கைக்கான 'கேட்' தேர்வு இதிலிருந்து வேறானது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி கொல்கத்தா ஐஐஎம் நடத்திய தேர்வுக்கு சுமார் 3.29 லட்சம் பேர் பதிவு செய்தனர். அவர்களில் சுமார் 2.93 லட்சம் பேர் தேர்வெழுதினர்.

யார் எழுதலாம்?

ஏதேனும் ஒரு பாடத்தில் 50 சதவீத மதிப்பெண்ணுடன் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம் போதுமானது. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

தேர்வு முறை என்ன?

மொழித்திறன் மற்றும் வாசித்துப் புரிந்துகொள்ளுதல், தரவு விளக்கம் மற்றும் தர்க்கத்திறன், கணிதத்திறன் என மூன்று பிரிவுகள் உள்ளன. 2024-இல் இவற்றில் முறையே 24, 22, 22 என மொத்தம் 68 கேள்விகள் இடம்பெற்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் 40 நிமிடங்கள். ஒரு பிரிவின் நேரம் முடியாமல் அடுத்த பிரிவுக்குச் செல்லவோ, முடிந்த பிரிவுக்குத் திரும்பவோ இயலாது.

ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாகவே கிடைக்கும் என்பதால், அனைத்துக்கும் விடையளிப்பதைவிட எவற்றை விட்டுவிடுவது என முடிவெடுப்பதே முக்கியத் திறனாகிறது.

ஊகித்து விடையளிக்கலாமா?

சரியான விடைக்கு 3 மதிப்பெண் வழங்கப்படும். நான்கு விருப்பங்கள் கொண்ட கேள்விக்குத் தவறாக விடையளித்தால் 1 மதிப்பெண் கழிக்கப்படும். நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்து ஒன்று மட்டும் சரியானால், கிடைத்த 3 மதிப்பெண்ணும் கைவிட்டுப் போகும், எஞ்சுவது பூஜ்ஜியமே. ஆனால், நான்கில் இரண்டு விருப்பங்கள் தவறென உறுதியாகத் தெரிந்தால், மீதமுள்ள இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வது சராசரியாக லாபமே தரும்.

விருப்பங்கள் இன்றி, விடையை நேரடியாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நேரம் இருப்பின் அவற்றை வெறுமையாக விடத் தேவையில்லை.

பெர்சன்டைல் என்றால் என்ன?

ஒருவர் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதை அல்ல, தேர்வெழுதியோரில் எத்தனை சதவீதத்தினரை முந்தினார் என்பதையே பெர்சன்டைல் குறிக்கிறது. 2.93 லட்சம் பேர் எழுதிய தேர்வில் 99 பெர்சன்டைல் பெற்றவருக்கு முன்னால் ஏறக்குறைய 2,930 பேர் இருப்பார்கள். வினாத்தாள் கடினமாக இருந்தால் அனைவரின் மதிப்பெண்ணும் குறையும் என்பதால், கடினமான தாளைக் கண்டு மனம் தளரத் தேவையில்லை.

எனினும், ஒட்டுமொத்த பெர்சன்டைல் மட்டும் போதாது. ஐஐஎம்-கள் ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச பெர்சன்டைலை நிர்ணயிக்கின்றன. கணிதத்தில் சிறந்து விளங்கும் ஒருவர் மொழித்திறனில் சறுக்கினால், நேர்காணல் அழைப்பு கிடைக்காமல் போகலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், பணி அனுபவம் ஆகியவற்றையும் நிறுவனங்கள் வெவ்வேறு விகிதத்தில் கணக்கில் கொள்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

முந்தைய ஆண்டின் வினாத்தாள் ஒன்றை நேரக் கட்டுப்பாட்டுடன் எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம். எந்தப் பிரிவு பலவீனமானது என்பதை அது காட்டிவிடும். பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்தும் முன்பே, செலவின்றி இதைச் செய்ய முடியும். தேர்வு முறையைப் பழகிக்கொள்வதற்கான மாதிரித் தேர்வும் தேர்வின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வெளியிடப்படுகிறது.

2024-இல் மொழித்திறன் பிரிவின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் உரைப்பகுதிகளை வாசித்து விடையளிப்பவை. எனவே, அறிவியல், பொருளாதாரம், தத்துவம் எனப் பழக்கமில்லாத துறைகளைச் சேர்ந்த ஆங்கிலக் கட்டுரைகளை நாள்தோறும் வாசிப்பது, கடைசி நேரத்தில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பயனளிக்கும். கணிதப் பிரிவுக்கு எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் ஆகியவற்றில் பள்ளி அளவிலான தெளிவே அடித்தளம்.

மாதிரித் தேர்வுகளின் எண்ணிக்கையைவிட அவற்றை ஆராய்வதே முக்கியம். தெரியாததால் தவறியவை, அவசரத்தில் தவறியவை, தொட்டிருக்கவே கூடாதவை என மூன்றாகப் பிரித்துக் குறித்து வைத்தால், அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.