நன்னீர்த் திருக்கைக்குப் பெருந்தொட்டியும் உயிர்வடிகட்டியும்

திருவிடந்தை முதல் மாமல்லபுரம் வரையில், கிழக்கே சமுத்திரத்துக்கும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இடையே கிடக்கும் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. சவுக்கும் தென்னையும் பயிராகி வந்த இந்நிலத்தில் ஒரு பகுதி மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டது. எஞ்சியதை விற்காமல் வைத்துக்கொண்டிருக்கும் மிராசுதார்களில் சிலர், அலங்கார மீன் வளர்ப்பில் இறங்கலாமா என்று என்னிடம் விசாரித்து வருகின்றனர். சென்னைக் கொளத்தூரில் நடக்கும் அலங்கார மீன் வியாபாரத்தை நேரில் கண்டு வந்த ஒருவர், தென் அமெரிக்காவின் நன்னீர்த் திருக்கையையே வளர்க்கவேண்டுமென்று பிடிவாதமாயிருந்தார். குட்டி ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விலை அவரை மயக்கிவிட்டது. சவுக்குத் தோப்பை வெட்டி விற்ற பணம் முழுவதையும் இதற்கென ஒதுக்கியிருந்தார். அவருக்குச் சொன்னதையே மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படுமாறு இங்கே எழுதுகிறேன்.

திருக்கை என்றவுடன் நமது கரையில் புட்டுக்கு ஆகும் கடல் மீனையே யாவரும் நினைப்பர். நதிகளிலும் திருக்கைகள் உண்டு. 2022ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கம்போடியாவில் மீகாங் நதியில் அகப்பட்ட ஒரு திருக்கை 300 கிலோ எடையிருந்தது. ஆனால் தொட்டிகளில் வளர்க்கப்படுபவை அமேஸான் முதலிய தென் அமெரிக்க நதிகளுக்குரிய வேறொரு குடும்பம். கடல் திருக்கை தன் இரத்தத்தில் யூரியாவை நிறையத் தேக்கிவைத்துக்கொண்டே உப்பு நீரைத் தாங்குகிறது. இந்த நதித் திருக்கையோ அச்சக்தியை இழந்துவிட்டது என்பதை தார்ஸன் என்னும் அமெரிக்க நிபுணரும் அவருடைய சகாக்களும் 1967இல் வெளியிட்டனர். இதிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் பெறப்படுகின்றன. இம்மீன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகவே நீரில் விடும். உப்பேறிய நீரில் அதனால் நெடுநாள் பிழைக்க இயலாது.

தொட்டியைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, ஆழத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம் என்பது. தட்டையான இம்மீன் தரையோடு தரையாகச் சஞ்சரிப்பது. மூலைகளில் முட்டி விளிம்பு தேயாதபடி வட்டத் தொட்டியே உத்தமம். 12 அடி விட்டமும் 3 அடி நீரும் உள்ள சிமெண்டுத் தொட்டியில் சுமார் 9,600 லிட்டர் கொள்ளும். வளர்ந்த ஒரு ஜோடிக்கு இதைத் தாராளமென்றே கொள்ளலாம். தரை நடுவை நோக்கிச் சற்றுச் சரிந்து, அங்கே ஒரு வடிகால் இருத்தல் வேண்டும். அடியில் இடுவதானால் கூர்மையற்ற நைஸான ஆற்று மணல் போதும். கடல் மணல் கூடாது, ஏனெனில் அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும். புதுச் சிமெண்டு காரத்தைக் கக்குவதால், இரண்டு மூன்று வாரங்கள் நீரை நிரப்பி நிரப்பி வெளியேற்றவேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கம் நம் மீன் வளர்ப்போரிடம் உண்டு. அது நல்ல வழக்கமே.

இனி வடிகட்டி. நீரைத் தெளிவாக்குவது வேறு, சுத்தமாக்குவது வேறு. பஞ்சும் வலையும் அழுக்கைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துள்ள அமோனியாவை அவை பிடிக்கமாட்டா. அதற்கு வேண்டியது உயிருள்ள நுண்கிருமிகள். குடியானவர்களுக்கு இது புதிய சங்கதியன்று. புன்செய் நிலத்தில் இட்ட அமோனியம் சல்பேட்டு சில தினங்களில் நைட்ரேட்டாக மாறுவது எந்த வகைக் கிருமிகளாலோ, அந்த வகையே தொட்டியிலும் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலிரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு தீங்கானதன்று. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் இம்மாற்றம் குன்றுவதைப் பலரும் அறிவர். காற்றில்லாத இடத்தில் இக்கிருமிகள் வேலை செய்யா. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் மாறுவதற்கு ஏறக்குறைய 4½ கிராம் பிராணவாயு செலவாகிறது; கால்சியம் கார்பனேட்டுக் கணக்கில் 7 கிராம் காரத்தன்மையும் குறைகிறது.

ஆகவே வளர்ப்புத் தொட்டியில் நான்கிலொரு பங்கு கொள்ளக்கூடிய ஒரு பக்கத் தொட்டியைக் கட்டி, முதல் அறையில் கசடு படியவும், அடுத்த அறையில் கிருமிகள் ஒட்டி வளரவும் ஏற்பாடு செய்யவேண்டும். ஒட்டி வளர்வதற்குச் சரளைக்கல், பிளாஸ்டிக் வளையங்கள் முதலியவை ஆகும். கோவளம் முகத்துவாரத்தில் அகப்படும் கிளிஞ்சல் மலிவானது, காரத்தன்மையையும் ஈடுசெய்யும். ஆயினும் திருக்கைத் தொட்டிக்குக் கிளிஞ்சலை அளவாகவே இடுக. நீரின் பி.எச். 7லிருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவின் விஷம் ஏறக்குறைய பத்து மடங்காகும். தொட்டி நீர் முழுவதும் மணிக்கொரு தரம் வடிகட்டியின் வழியே சுற்றிவரும்படி பம்பு அமைதல் நலம்.

இவ்விடத்தில் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் செய்முறை காட்டுவதற்காகக் கட்டிய தொட்டியில், ஜனங்கள் பார்க்க வருகிறார்களே என்ற அவசரத்தில், வடிகட்டியை ஓடவிட்ட மூன்றாம் நாளே மீன்களை விட்டேன். நீர் பளிங்குபோலிருந்தது. பத்து நாட்களுக்குள் பாதிக்கு மேல் மிதந்துவிட்டன. கிருமிகள் பெருகி நிலைப்பதற்கு நாலு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரையில் மீனின்றி, சிறிதளவு அமோனியம் உப்பை இட்டு அவற்றைப் போஷிக்கவேண்டும். பரீட்சை செய்து பார்த்து அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்ட பிறகே மீன் வாங்கப் புறப்படலாம். பரீட்சைக் குப்பியின் விலை ஒரு குட்டியின் விலையில் அற்ப பாகம்.

மற்றொரு அபாயம் மின்சாரம். 2016 டிசம்பர் 12இல் வார்தா புயல் வீசியபோது கரையோரக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. பம்பு நின்றால் சில மணி நேரத்திலேயே வடிகட்டியில் காற்றுக் குன்றி நீர் கெடும். மின்சாரம் திரும்பியதும் அந்நீரைத் தொட்டிக்குள் விடாமல் முதலில் வெளியே கொட்டிவிட வேண்டும். ஜெனரேட்டர் வைக்க இயலாதவர் இத்தொழிலை நினையாதிருப்பதே நன்று.

நமது மிராசுதாரின் கிணற்று நீரைச் சோதித்ததில், பங்குனிக்குப் பிறகு அது உப்புக் கரிப்பதாகத் தெரிந்தது. மணலடியில் நன்னீர் ஒரு மெல்லிய படலமாகவே நிற்பதால், இறைக்க இறைக்கக் கீழுள்ள உப்பு நீர் மேலேறும். அத்தகைய நீரில் திருக்கையை விடுவது பணத்தை மணலில் கொட்டுவதாகும். தொட்டியும் வடிகட்டியும் அப்படியே இருக்கட்டும், மீனை மாற்றுக என்றேன். திருவிடந்தைக்குச் சில மைல் வடக்கே முட்டுக்காட்டில், 1987இல் ஸ்தாபிதமான மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை இருக்கிறது. அங்கே 1997இல் கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்தனர். 2015இல் பால்மீனையும் அவ்வாறே செய்தனர். கொடுவா நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றிலும் வளரக்கூடியது. சிறியதைப் பெரியது விழுங்குமாதலால் அடிக்கடி தரம் பிரிக்கவேண்டும் என்பதொன்றே அதில் தொந்தரவு. அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, கொடுவாவுக்கு எத்தனை தொட்டி ஆகும் என்று கேட்டனுப்பினார்.

கால்வாய்க்கு மேற்கே வருஷம் முழுவதும் நல்ல நீருள்ளவர்கள் திருக்கையை வளர்க்க விரும்பினால், சட்டத்தையும் கவனிக்கவேண்டும். கருமேனியில் வெண்புள்ளியுடைய இனம் உட்பட பிரேசில் நாட்டுத் திருக்கைகள் சில, 2022 நவம்பரில் சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவ்வுடன்படிக்கைக்குட்பட்ட உயிர்ப்பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று நமது வனவிலங்குச் சட்டமும் அதே வருஷம் திருத்தப்பட்டது. ஆகையால் முன்பணம் கொடுக்குமுன் வன இலாகாவில் விசாரித்து, விற்பவரிடம் ரசீதும் பெறுக. வாலிலுள்ள முள் தைத்தால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அவ்வங்கத்தை அமிழ்த்திவைத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. உப்பில்லாத தொட்டிக் கழிவு நீரில் நைட்ரேட்டு இருப்பதால் தென்னைக்கு நல்ல உரம். அதைத் தோப்பில் பாய்ச்சச் சொல்லலாம். ஏரியிலோ கால்வாயிலோ விட அனுமதிக்கலாகாது. அந்நிய மீன் ஒன்று அதோடு தப்பிப் போனால் பிடித்து மீட்பது இயலாத காரியம்.

தொட்டி கட்ட உத்தேசிப்போர், சித்திரையில் ஒன்றும் மார்கழியில் ஒன்றுமாகத் தங்கள் கிணற்று நீரை இரண்டு சுத்தமான புட்டிகளில் எடுத்து, தேதி எழுதி, சோதனைக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கொத்தனாரை அழைக்கலாம்.