காற்று மாசு அனுமதி விதிகளும் மத்திய சர்க்காரின் அங்கீகாரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில் ஸான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்பது பெயர்பெற்ற விவசாயப் பிரதேசமாகும். பாதாம், திராட்சை, ஆரஞ்சு, பருத்தி முதலியவை அங்கே பெருமளவில் பயிராகின்றன. கறவை மாட்டுப் பண்ணைகளும் ஏராளமாக உள்ளன. பயிரிடுவதற்கும் கால்நடை வளர்ப்பதற்கும் உபயோகமாகும் சாதனங்களுக்குக் காற்று மாசு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்று அந்த ராஜ்யத்தின் சட்டம் நெடுங்காலமாக விலக்கு அளித்திருந்தது. 2003ஆம் ஆண்டில் அவ்விலக்கு ஒழிந்தது. குடியானவர்கள் புதிதாகக் குற்றம் எதுவும் செய்தமையால் அன்று. மத்தியச் சட்டத்தோடு அவ்விலக்கு பொருந்தாமையே காரணம். கீழ்நிலையில் செய்யப்பெறும் விதி, மேல்நிலையில் அங்கீகாரம் பெற்றாலன்றி முழு உறுதி பெறாது என்பதற்கு இவ்வரலாறு தக்க உதாரணமாகும். நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறியத்தக்க செய்திகள் இதில் பல உண்டு.

பள்ளத்தாக்கின் நிலைமை

இச்சமவெளிக்குக் கிழக்கே ஸியெரா நெவாடா மலைத்தொடரும், மேற்கே கடலோர மலைகளும், தெற்கே டெஹாச்சபி மலைகளும் அரண்போல் நிற்கின்றன. தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் படிந்து நிற்கும் நாட்களில், கீழேயுள்ள புகையும் தூசியும் மேலெழுந்து கலைவதில்லை. மூடியிட்ட பாத்திரத்தில் அடைபட்டதுபோல் தங்கிவிடுகின்றன.

மோட்டார் வண்டிகள், ஆலைகள், எண்ணெய்க் கிணறுகள் ஆகியவற்றோடு விவசாயமும் இம்மாசுக்குக் காரணமாகிறது. நீரிறைக்கும் டீசல் எஞ்சின்கள் நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை வெளியிடுகின்றன. மாட்டுப் பண்ணைகளிலுள்ள பதனப் பசுந்தீவனத்திலிருந்தும் சாணக் குவியல்களிலிருந்தும் ஆவியாகும் கரிமப் பொருள்கள் எழுகின்றன. இவ்விரண்டும் வெயிலில் கலந்து ஓஸோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. உழவினாலும் அறுவடையினாலும் மண் பாதைகளில் வண்டிகள் செல்வதாலும் தூசி கிளம்புகிறது. குளிர்காலத்தில் பண்ணைகளின் அம்மோனியா, நைட்ரஜன் வாயுக்களோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாகிறது.

ஓஸோன் மனிதரின் சுவாசப்பைக்குக் கேடு செய்வதோடு நில்லாமல் இலைகளின் வழியே புகுந்து பயிரையும் வாட்டுகிறது. திராட்சையும் பருத்தியும் இதனால் மகசூல் குறையும் பயிர்கள். ஆகவே, அப்பள்ளத்தாக்கின் குடியானவர் மாசுக்குக் காரணமானவராகவும், அதனால் நஷ்டமடைபவராகவும் ஒருங்கே இருக்கிறார்.

அனுமதிச் சீட்டும் அங்கீகாரமும்

இவ்விரண்டு சொற்களும் வேறு வேறானவை. ஒரு தொழிலை நடத்துபவருக்கு, இன்ன சாதனத்தை இன்ன நிபந்தனைகளுடன் நடத்தலாம் என்று உள்ளூர் அதிகாரிகள் எழுதிக் கொடுப்பது அனுமதிச் சீட்டு. அத்தகைய சீட்டுகளை வழங்குவதற்கென உள்ளூரில் அமைக்கப்பட்ட விதிகளை மத்திய சர்க்கார் பரிசீலித்து ஏற்றுக்கொள்வது அங்கீகாரம்.

கலிபோர்னியாவில் இவ்வேலைக்கென 35 காற்று வட்டாரங்கள் உள்ளன. ஸான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வட்டாரம் 8 கவுண்டிகளை, அதாவது நமது ஜில்லாக்களை ஒத்த பிரிவுகளைத் தழுவியது. அதன் தலைமை அலுவலகம் பிரெஸ்னோ நகரில் இருக்கிறது.

அனுமதிச் சீட்டுகள் பெரும்பாலும் இரு வகைப்படும். புதிய சாதனத்தை நிறுவுமுன், அல்லது உள்ளதைப் பெருக்குமுன் பெறவேண்டியது ஒன்று. பெரிய மாசு மூலங்கள் தொடர்ந்து நடைபெறுவதற்கு வேண்டியது மற்றொன்று. இது 1990ஆம் ஆண்டில் மத்தியக் காற்றுச் சுத்திச் சட்டத்திற்குச் செய்யப்பட்ட திருத்தத்தின் 5ஆம் பாகத்தால் ஏற்பட்டது.

பெரிய மூலம் எது என்பது அப்பிரதேசத்தின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓஸோன் மிதமாக உள்ள இடத்தில் ஆண்டுக்கு 100 டன் வெளியிடுவது பெரிய மூலம். மிகமிகக் கடுமையான வகுப்பைச் சேர்ந்த இடத்தில் 10 டன்னே போதும். ஸான் வாக்கீன் பள்ளத்தாக்கு 2004ஆம் ஆண்டில் இக்கடைசி வகுப்பில் சேர்க்கப்பட்டது. ஊரெல்லாம் கூடிச் செய்த மாசினால் ஒவ்வொரு பண்ணைக்கும் உரிய அளவு இறுகிவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

வட்டார விதி மத்திய விதியாவது எங்ஙனம்

1970ஆம் ஆண்டின் சட்டப்படி, காற்றின் தரத்திற்கான அளவுகளை மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனம் நிர்ணயிக்கிறது. அவ்வளவுகளை எட்டும் வழியை ஒவ்வொரு ராஜ்யமும் ஒரு திட்டமாக வகுத்து அந்த ஸ்தாபனத்திற்குச் சமர்ப்பிக்க வேண்டும். வட்டாரங்களின் அனுமதி விதிகளும் இத்திட்டத்தில் அடங்கும். பின்னர் ஏதேனும் ஒரு விதியை மாற்ற வேண்டுமாயின், அம்மாற்றம் கீழ்க்கண்ட படிகளைக் கடக்க வேண்டும்.

1. வட்டாரச் சபை முன்னறிவிப்புக் கொடுத்து, பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டபின் விதியை நிறைவேற்றுகிறது.

2. ராஜ்யத்தின் காற்று வளச் சபை அதனை மத்திய ஸ்தாபனத்திற்கு அனுப்புகிறது. கலிபோர்னியாவுக்குரிய பிராந்திய அலுவலகம் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் உள்ளது.

3. வந்த தஸ்தாவேஜுகள் பூர்த்தியானவையா என்று ஸ்தாபனம் பார்க்கிறது. 6 மாதத்திற்குள் ஒன்றும் சொல்லாவிடில் அவை பூர்த்தியானவையாகவே கருதப்படும்.

4. அதன்பின் 12 மாதத்திற்குள் முடிவு கூறவேண்டும் என்பது சட்டம். தான் செய்யக் கருதிய முடிவை ஸ்தாபனம் மத்திய கெஜட்டில் பிரசுரிக்கிறது. ஆட்சேபணைகளுக்குப் பெரும்பாலும் 30 நாள் தவணை தரப்படும்.

5. வந்த ஆட்சேபணைகளுக்கு விடையெழுதி, இறுதி முடிவைக் கெஜட்டில் வெளியிடுகிறது. அம்முடிவில் அதிருப்தியுடையவர் 60 நாட்களுக்குள் மத்திய அப்பீல் கோர்ட்டை நாடலாம்.

முடிவு எப்பொழுதும் முழு அங்கீகாரமாகவோ முழு நிராகரிப்பாகவோ இருப்பதில்லை. சில பகுதிகளை ஏற்று மற்றவற்றைத் தள்ளலாம். ஓராண்டுக்குள் குறையைத் தீர்ப்பதாக ராஜ்யம் வாக்களித்தால் நிபந்தனையோடு ஏற்கலாம். பரிசீலனையில் முக்கியமாகப் பார்க்கப்படுவன இரண்டு: விதியை அமல் செய்ய உள்ளூருக்குச் சட்ட அதிகாரம் உண்டா, இம்மாற்றத்தினால் காற்றின் தரத்தை எட்டும் முயற்சிக்கு இடையூறு நேருமா என்பன.

கட்டாயமாக வேண்டிய விதி நிராகரிக்கப்பட்டு, குறை 18 மாதத்திற்குள் தீர்க்கப்படாவிடில் தண்டனை தொடங்கும். புதிய மூலம் ஒன்று வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஈடாக வேறிடத்தில் 2 டன் குறைக்கப்பட வேண்டும் என்பது முதற்படி. மேலும் 6 மாதம் சென்றால் நெடுஞ்சாலைகளுக்கான மத்திய மான்யத்தில் பெரும்பகுதி நிறுத்தப்படும். குறை இரண்டாண்டுக்குள் தீராவிடில் மத்திய ஸ்தாபனமே ஒரு திட்டத்தை வகுத்து அப்பிரதேசத்தின்மேல் விதிக்க வேண்டும்.

அங்கீகாரம் வரும்வரை எது சட்டம்

உள்ளூரில் விதி மாறிவிட்டது. மத்திய அங்கீகாரம் இன்னும் வரவில்லை. இவ்விடைக்காலத்தில் எதற்குக் கீழ்ப்படிவது என்பது பலருக்கு எழும் ஐயம். இதனை அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 1990ஆம் ஆண்டில் தெளிவாக்கிற்று.

மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் பிரேமிங்ஹாம் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுகையில் எழும் ஆவியை 1985ஆம் ஆண்டு முடிவிற்குள் குறைக்கவேண்டும் என்று அங்கீகாரம் பெற்ற திட்டம் கூறியது. தவணை முடியும் தறுவாயில், 1987ஆம் ஆண்டு வரை காலநீட்டிப்புத் தரும் மாற்றமொன்றை ராஜ்ய அதிகாரிகள் மத்திய ஸ்தாபனத்திற்கு அனுப்பினர். அம்மாற்றத்தின்மீது முடிவு சொல்லப்படாமல் இருக்கையிலேயே ஸ்தாபனம் 1987ஆம் ஆண்டில் கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தது. காலநீட்டிப்பு 1988ஆம் ஆண்டில் நிராகரிக்கப்பட்டது. மாற்றம் அங்கீகாரம் பெறும்வரையில் பழைய திட்டமே அமலில் உள்ள மத்தியச் சட்டம் என்றும், முடிவு கூறுவதில் ஏற்பட்ட தாமதம் வழக்கைத் தடுக்காது என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆகவே, உள்ளூர் அதிகாரி நல்லெண்ணத்துடன் கொடுத்த சலுகையை நம்பியிருந்தவரும் மத்தியச் சட்டத்தின்முன் பொறுப்பாளியாகலாம். உள்ளூர் விதி தளர்த்தப்பட்டிருப்பின் பழைய கடுமையான விதியையும், கடுமையாக்கப்பட்டிருப்பின் புதிய உள்ளூர் விதியையும் அனுசரித்து நடப்பவரே இடைக்காலத்தில் பத்திரமாக இருப்பவர்.

விவசாய விலக்கு நீங்கிய வரலாறு

கலிபோர்னியா ராஜ்யச் சட்டத்திலிருந்த விவசாய விலக்கு 1990ஆம் ஆண்டின் திருத்தத்தோடு மோதியது. பெரிய மூலம் எதுவாயினும் 5ஆம் பாகத்தின் சீட்டைப் பெறவேண்டும் என்பது மத்தியச் சட்டம். பண்ணையெனின் வேண்டாம் என்பது ராஜ்யச் சட்டம். எனினும், விவசாய மாசைப்பற்றிய கணக்குகள் போதுமானவையாக இல்லை என்று கூறி, மத்திய ஸ்தாபனம் 2001ஆம் ஆண்டு முடிவில் 34 வட்டாரங்களின் அனுமதித் திட்டங்களுக்கு முழு அங்கீகாரம் அளித்தது.

பள்ளத்தாக்கு வாசிகளின் சங்கமும் வேறு சில சங்கங்களும் இவ்வங்கீகாரத்தை எதிர்த்து வழக்காடின. 2002ஆம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. அதன் பயனாக, விலக்குப் பெற்றிருந்த பண்ணைகளைப் பொறுத்தமட்டில் ஸ்தாபனம் தன் அங்கீகாரத்தை அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டு, அப்பண்ணைகளுக்குத் தானே சீட்டு வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2003ஆம் ஆண்டில், இதே விலக்கின் காரணமாக ராஜ்யத்தின் திட்டம் குறையுடையது என்றும் அறிவித்தது. நெடுஞ்சாலை மான்யம் நின்றுபோகும் அபாயமும் ராஜ்யத்தின் எதிரில் நின்றது.

இந்நிலையில் ஸெனட்டர் டீன் புளோரெஸ் கொண்டுவந்த 700ஆம் எண் ஸெனட் மசோதா நிறைவேறியது. கவர்னர் கிரே டேவிஸ் 2003ஆம் ஆண்டு ஸெப்டம்பரில் அதில் கையொப்பமிட்டார். விவசாய விலக்கு நீக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் மத்திய ஸ்தாபனம் திருந்திய திட்டங்களை அங்கீகரித்தது. பண்ணைகளுக்குச் சீட்டு வழங்கும் அதிகாரம் மீண்டும் உள்ளூர் வட்டாரங்களின் வசமாயிற்று.

புதிய ஏற்பாட்டின் தன்மை

விலக்கு ஒழிந்ததனால் ஒவ்வொரு சிறு குடியானவரும் சீட்டுக்கு அலையும்படி நேரவில்லை. பெரிய மூலத்திற்குரிய அளவில் பாதிக்குக் குறைவாக வெளியிடும் பண்ணையிடம், தக்க காரணங்களை ஆராய்ந்து பதிவு செய்தாலன்றி, வட்டாரம் சீட்டுக் கேட்கலாகாது என்று புதிய சட்டமே வரையறுத்தது. பெரிய மூலத்தின் அளவு 10 டன்னாயின், பாதி 5 டன் ஆகும். நிலத்திலிருந்து தானே கிளம்பும் தூசி இக்கணக்கில் சேராது.

தூசிக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் ஸான் வாக்கீன் வட்டாரம் செய்த விதிப்படி, 100 ஏகராவுக்குக் குறையாத சாகுபடி நிலமுடையவர் தூசியைக் குறைக்கும் முறைகளைத் தாமே ஒரு ஜாபிதாவிலிருந்து தெரிந்தெடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். உழவு எண்ணிக்கையைக் குறைத்தல், மண் பாதைகளுக்கு நீர் தெளித்தல், வண்டிகளின் வேகத்தைத் தணித்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். பெரிய மாட்டுப் பண்ணைகளுக்குத் தீவனத்தையும் சாணத்தையும் கையாளும் முறைபற்றி 2006ஆம் ஆண்டில் தனி விதி ஏற்பட்டது. பழைய டீசல் எஞ்சினை நீக்கி, மாசு குறைந்த எஞ்சினையோ மின்சார மோட்டாரையோ வைப்போருக்கு மான்ய உதவியும் அளிக்கப்பட்டது.

செலவும் எழுத்து வேலையும் குடியானவர்களுக்குக் கூடின என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், தூர நகரத்திலுள்ள மத்திய அலுவலகத்தில் சீட்டு வாங்குவதைக் காட்டிலும், பயிரும் பருவமும் அறிந்த உள்ளூர் வட்டாரத்தில் வாங்குவது அவர்களுக்கு அனுகூலமே.

கவனிக்கத்தக்கவை

இவ்வரலாற்றினால் சில உண்மைகள் புலனாகின்றன. அங்கீகாரம் என்பது முத்திரை குத்தும் சடங்கன்று. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் கூடும். மத்தியச் சட்டத்திற்கு முரணான சலுகை எத்தனை ஆண்டு நிலவினும் உரிமையாகாது. அதனை நம்பிப் பணம் போட்டவருக்கே நஷ்டம்.

அத்தகைய ஏற்பாடுள்ள நாட்டில் ஒரு விதி மாறியதாகக் கேள்விப்படும் நிலமுடையவர் மூன்று தேதிகளை விசாரித்தல் வேண்டும்: உள்ளூர்ச் சபை நிறைவேற்றிய தேதி, மேலதிகாரிகளுக்கு அனுப்பப்பட்ட தேதி, அங்கீகாரம் கெஜட்டில் வெளியான தேதி. மூன்றாவது தேதி இல்லாதவரையில் பழைய விதி இறக்கவில்லை என்று கொள்ள வேண்டும். விதியை எடுத்துச் சொல்லும் பொறுப்புடைய உள்ளூர் அதிகாரியும் இம்மூன்றையும் ஒருங்கே குறித்துவைத்து, கேட்போருக்குக் காட்டுதல் கடமையாகும்.

ஆட்சேபணைக்குரிய 30 நாட்களை வீணாக்காதிருத்தலும் அவசியம். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த மாதத்தில் உழவு நடக்கிறது, எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்னும் விவரங்கள் குடியானவரின் கணக்குப் புத்தகத்தில்தான் உள்ளன. கணக்குகள் போதா என்ற காரணத்தால் 2001ஆம் ஆண்டில் ஒத்திப்போடப்பட்ட கேள்வி, மறு ஆண்டே கோர்ட்டு மூலம் திரும்பிவந்தது. உரிய காலத்தில் எழுத்து மூலமாகக் கொடுக்கப்படும் சரியான கணக்கே விதி நியாயமாக அமைவதற்குச் சிறந்த துணையாகும்.