ஆக்சிலரேட்டரை மிதிச்சே ஓட்டுறதுல என்ன திறமை?

"வட்டமா சுத்துறாங்க, அவ்வளவுதானே?" அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தைப் பத்தி நம்ம பக்கம் பேச்சு வந்தா முதல்ல விழுற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நான் இருக்கிறது ஜவ்வாது மலையில். போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தால் ஓட்டுநரின் திறமை கண்ணுக்கு நேராத் தெரியும். கியரை மாத்தணும், பிரேக்கைத் தொடணும், ஹாரன் அடிக்கணும், எதிரே வர்ற வண்டிக்கு ஒதுங்கணும். அலபாமா மாநிலத்தில் இருக்கிற டல்லடேகா சூப்பர்ஸ்பீட்வேயில் இது எதுவுமே இல்லை. தனியா ஓடினால் ஒரு சுற்று முழுக்க ஆக்சிலரேட்டரை விட வேண்டியதில்லை. அப்புறம் ஓட்டுநர் எதுக்குத்தான் தயாராகிறார்?

பாதையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1969-ல் திறந்த டல்லடேகாவில் ஒரு சுற்று 4.28 கிலோமீட்டர். வளைவுகள் 33 டிகிரி சாய்ந்திருக்கும். அதாவது கிடைமட்டமா ஒரு மீட்டர் போனால் 65 சென்டிமீட்டர் ஏற்றம். அந்தச் சாய்வுதான் காரை வெளியே தூக்கி எறியாமல் பிடிச்சு வைக்குது. 1987-ல் பில் எலியட் அங்கே தகுதிச்சுற்றில் மணிக்கு 342 கிலோமீட்டர் வேகம் எடுத்தார். அதே வார இறுதிப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் டயர் வெடித்துக் காற்றில் எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வேலியைக் கிழித்தது. பார்க்க வந்த சிலருக்குக் காயம். வேலி முழுசா விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்னு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கலை.

அடுத்த வருஷத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்க நாலு ஓட்டை போட்ட ஒரு உலோகத் தகட்டை மாட்டச் சொன்னார்கள். 2019-க்குப் பிறகு தகடு போய் வேறு அடைப்பு வந்தாலும் நோக்கம் அதேதான். வேகம் குறைந்தது. கூடவே இன்னொண்ணும் நடந்தது: எல்லார் காரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துக்கு வந்துவிட்டது. யாராலும் விலகி ஓட முடியலை. முப்பது முப்பத்தைந்து கார்கள் மூணு வரிசையாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில், மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரே கூட்டமாகப் போகும். ஒருத்தர் தடுமாறினால் பின்னால் இருபது பேர் மோதுவார்கள். அங்கே அதுக்குப் பேரே 'பிக் ஒன்'. பாதுகாப்புக்காகப் போட்ட விதி புதுசா ஒரு ஆபத்தைப் பெத்துப்போட்டது. என்னைக் கேட்டால் இந்தப் பந்தயத்தின் முழுக்கதையும் இதுக்குள்ளதான் இருக்கு.

கூட்டத்தில் ஜெயிக்க வைப்பது காற்று. லாரிக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் ஓட்டிய பையன்களுக்கு இது தெரியும் (செய்யாதீங்க). முன்னால் போவது காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருபவருக்கு மிதி லேசாகும். ஆனா பின்கார் ஒட்டி வந்தால் முன்காருக்கும் லாபம்: அதன் முதுகில் உருவாகும் வெற்றிடத்தின் இழுப்பு குறையும். அதனால் இரண்டு கார் சேர்ந்தால் தனிக்காரை விட வேகம். துணையில்லாமல் வரிசையை விட்டு வெளியே வருபவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண் மூடித் திறப்பதற்குள் பத்து இடம் பின்னால் போய்விடுவார்.

இப்படிச் சாய்ந்த பாதைகளோட நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்கும் விநோதமான தொடர்பு உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் வாங்கிய 5 புள்ளிகள் இண்டியானாபொலிஸில் கிடைத்தவை. அங்கே ஓவல் பாதையின் ஒரு சாய்ந்த வளைவும் சுற்றுக்குள் வரும். சாய்வு 9 டிகிரிதான். அதையே மிஷலின் டயர்கள் தாங்கலை. 14 கார்கள் விலக, ஓடிய ஆறில் நரேன் நாலாவது. 2010-ல் அவரே நாஸ்காரின் டிரக் தொடருக்குப் போனார், அங்கே ஓட்டிய முதல் இந்தியர். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில், 13-ஆம் இடம். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டில் டிரக் தொடரின் அபிமான ஓட்டுநரும் அவர்தான். ஆனா மார்ட்டின்ஸ்வில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத குட்டி வட்டம், நம்ம மலைப்பாதை மாதிரி பிரேக்கைக் கேட்கும் இடம். டல்லடேகா கேட்பது வேற.

அங்கே தயாராவது பெரும்பாலும் காருக்கு வெளியே நடக்கும். சமீப வருஷங்களில் டல்லடேகாவில் பயிற்சி ஓட்டமே அநேகமாகக் கிடையாது. பழைய பந்தய வீடியோக்களைப் போட்டு, யார் யாரைத் தள்ளிவிட்டார், யார் கடைசி நேரத்தில் கைவிட்டார்னு பார்ப்பார்கள். ஒரே கம்பெனிக் கார்கள் சேர்ந்து பெட்ரோல் போட வர்றதுக்கு முன்கூட்டியே பேசி வைப்பார்கள். பந்தயத்தின் நடுவில் பாதி மிதியில் ஓட்டி எரிபொருள் சேமிப்பார்கள், கடைசி நிறுத்தத்தில் சில நொடி மிச்சம் பிடிக்க. அரங்கக் கூரை மேல் நிற்கும் 'ஸ்பாட்டர்' ரேடியோவில் பக்கத்தில் யார் வர்றாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். ஓட்டுநருக்குப் பக்கவாட்டுக் கண் அவர்தான்.

இறுதிச்சுற்றுத் தொடரில், அதாவது பிளேஆஃபில், இதோட கணக்கும் சேர்ந்திருந்தது. 2014-ல் வந்து 2025 வரை இருந்த முறையில் 16 பேர் நுழைந்தார்கள், மூணு பந்தயத்துக்கு ஒருமுறை நாலு பேர் வெளியே போனார்கள். ஜெயித்தவர் நேரா அடுத்த சுற்றுக்குப் போனார். மத்தவங்களுக்குப் புள்ளிக் கணக்கு. 2024 கணக்குப்படி பந்தயத்தின் முதல் இரண்டு கட்டங்களிலும் முதலில் வந்தால் பத்துப் பத்தாக 20 புள்ளி. அப்புறம் மோதி 35-ஆவதாக முடிச்சால் 2. மொத்தம் 22. ஆரம்பத்திலிருந்தே கடைசியில் பதுங்கி, விபத்தெல்லாம் முடிஞ்ச பிறகு 15-ஆவதாக வந்தாலும் அதே 22! முன்னால் நின்னு அடி வாங்குவதா, பின்னால் ஒளிஞ்சு பிழைப்பதா? ரெண்டையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. பதுங்குவதை ரசிகர்கள் திட்டுவார்கள். எனக்கு அதுல கோழைத்தனம் எதுவும் தெரியலை.

2024 அக்டோபர் 6. பன்னிரண்டு பேர் சுற்றின் இரண்டாவது பந்தயம், டல்லடேகா. முடிய ஐந்து சுற்று இருக்கும்போது ஆஸ்டின் சிண்ட்ரிக் முன்னால். அவரைப் பின்னாலிருந்து தள்ளியவர் அதே அணியின் ஜோயி லொகானோ. லொகானோவைத் தள்ளியவர் பிராட் கெசலவ்ஸ்கி. மூணும் ஃபோர்டு, மூணு பேரும் கூட்டாளிகள். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யலை. இடி பம்பரின் நடுவில் விழாமல் கொஞ்சம் விலகினால் முன்கார் சுழன்றுவிடும். சுழன்றது. 28 கார்கள் சிக்கின, அந்தத் தொடரின் வரலாற்றிலேயே பெரிய விபத்து. ஜெயித்தவர் ரிக்கி ஸ்டென்ஹவுஸ். அவர் பிளேஆஃபிலேயே இல்லை.

சிண்ட்ரிக் அந்தச் சுற்றோடு வெளியேறினார். லொகானோவும் அடுத்த வாரம் சார்லட்டில் வெளியேறியதாகத்தான் அறிவித்தார்கள். அப்புறம் பந்தயம் முடிந்து எடை போட்டதில் அலெக்ஸ் போமனின் கார் விதியை விடக் குறைவாக இருக்க, அவரைத் தகுதிநீக்கி லொகானோவை உள்ளே எடுத்தார்கள். அடுத்த வாரம் லாஸ் வேகஸில் அவர் ஜெயித்தார். நவம்பர் 10, ஃபீனிக்ஸில் அந்த வருஷத்தின் சாம்பியனும் அவரேதான்.